எங்கிருந்து அளப்பது? டிராயிங்கில் டேட்டமும் விட்டுப்போன அளவும்

1967 நவம்பர் 20 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து மேலே போன, இந்தியாவில் உருவான முதல் ராக்கெட்டின் பெயர் ஆர்.எச்-75. ஆர்.எச். என்பது ரோகிணி. 75 என்பது ராக்கெட்டின் விட்டம், மில்லிமீட்டரில். பின்னால் வந்த ஆர்.எச்-125, ஆர்.எச்-200, ஆர்.எச்-300, ஆர்.எச்-560 எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான். திருவனந்தபுரத்து ராக்கெட்டுகளுக்கு அளவே பெயராகிவிட்டது.

ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த டர்னரும் ஒரு குழாயைக் கடைந்துவிட முடியாது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம்? வால் துடுப்புகள் பொருந்தும் இடத்தைக் குழாயின் எந்த முனையிலிருந்து அளப்பது? மூக்குக் கூம்பின் அச்சு எந்த அச்சோடு ஒத்துப்போக வேண்டும்? 'எவ்வளவு' என்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி 'எங்கிருந்து'. அதற்கான பதிலைத்தான் பட்டறையில் டேட்டம் என்கிறோம். ஆதாரத் தளம், ஆதார அச்சு என்று தமிழில் சொல்லலாம்.

டிராயிங்கில் அளவு விட்டுப்போவதைப் பற்றி இயந்திரப் பட்டறைகளில் தினமும் பேச்சு நடக்கிறது. எண் விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும், யாராவது கேட்டுவிடுவார்கள். எண்கள் எல்லாம் இருந்து ஆதாரம் மட்டும் விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து, பாகம் பொருந்தாமல் நிற்கும்போதுதான் தெரியும். இந்தக் கட்டுரை இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கோடு

வீடு கட்டும்போது நம் ஊர் மேஸ்திரி முதலில் செய்வது என்ன? தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துச் சுவரைச் சுற்றி ஒரு மட்டக்கோடு அடிப்பார். ஜன்னல் உயரம், லிண்டல், கூரை எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான். தரை பின்னால் ஏறும், இறங்கும், கோடு மாறாது. நாட்டின் நில அளவைக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. இந்தியாவின் உயரங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்த சராசரிக் கடல்மட்டம் 1909இல் ஒன்பது துறைமுகங்களின் அலையளவைக் கொண்டு வகுக்கப்பட்டது. கொச்சி, பேப்பூர், நாகப்பட்டினம், சென்னை ஆகியவை அவற்றில் சில.

தும்பாவே ஒரு கோட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்தான். பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகில் போகிறது. அதன் மேலுள்ள வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடம் என்பதால்தான் அந்த மீனவ கிராமத்துக்கு விஞ்ஞானிகள் வந்தார்கள். புனித மரிய மக்தலேனா தேவாலயம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. காந்த நடுக்கோட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் வேலை முழுவதும் அதை நம்பி நடந்தது.

டேட்டமும் இப்படித்தான். பட்டறைப் பேச்சில் 'இந்த ஃபேஸ்தான் டேட்டம்' என்கிறோம். துல்லியமாகச் சொன்னால், கையால் தொடுகிற அந்த முகம் டேட்டத்தைத் தாங்கும் உறுப்பு. எவ்வளவு அரைத்தாலும் அதில் மேடு பள்ளம் இருக்கும். அதைச் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால் மிக உயர்ந்த மேடுகள் பிளேட்டைத் தொடும். அந்த மேடுகளைத் தொட்டு நிற்கும் குற்றமற்ற கற்பனைத் தளமே டேட்டம். ஐ.எஸ்.ஓ. 5459 தரநிலையின் சாரம் இதுதான். சர்ஃபேஸ் பிளேட்டும் வி-பிளாக்கும் மாண்ட்ரலும் அந்தக் கற்பனையை நமக்குக் கைக்கெட்டும்படி செய்யும் கருவிகள்.

மூன்று, இரண்டு, ஒன்று

வெளியில் மிதக்கும் ஒரு பொருளுக்கு ஆறு வகை அசைவு உண்டு. மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். முதல் டேட்டத்தில் பாகம் குறைந்தது மூன்று புள்ளிகளில் அமர்கிறது; மூன்று அசைவுகள் அடங்குகின்றன. இரண்டாம் டேட்டத்தில் இரண்டு புள்ளிகள் தொட, இன்னும் இரண்டு அடங்குகின்றன. மூன்றாவதில் ஒரு புள்ளி போதும். டிராயிங்கில் கறுப்பு முக்கோணத்தின் மேல் சதுரக் கட்டத்தில் எழுதப்படும் ஏ, பி, சி எழுத்துகள் இந்த ஏற்பாட்டைச் சொல்கின்றன. எண்களோடு குழம்பக்கூடும் என்பதால் ஐ, ஓ, கியூ எழுத்துகளை அங்கே தவிர்ப்பது மரபு.

இதில் வரிசைதான் உயிர். எந்த முகம் டேட்டம் என்பதோடு, எது முதலில், எது அடுத்து என்பதும் அளவின் ஒரு பகுதி. ஒரு தட்டை எடுத்துப் பார்ப்போம்.

அகலம் 200 மி.மீ., உயரம் 100 மி.மீ. இடது விளிம்பிலிருந்து 40, கீழ் விளிம்பிலிருந்து 90 என்று ஒரு துளை. தட்டு வெட்டி வந்தபோது இடது விளிம்பு நேர் செங்குத்தாக இல்லை, 100 மி.மீ. உயரத்தில் மேல்முனை 0.2 மி.மீ. வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தட்டின் அடிமுகம் மேசையில் அமர்ந்திருப்பது இரண்டு பேருக்கும் பொது.

முதல் மெஷினிஸ்ட் கீழ் விளிம்பை இரண்டு பின்களில் முட்டவைக்கிறார். இடது விளிம்பின் மேல்முனையை ஒரு பின்னில் தொடவைக்கிறார். 40ம் 90ம் எடுத்துத் துளை போடுகிறார். கீழ் இடது மூலையிலிருந்து பார்த்தால் அந்தத் துளை 39.8 மி.மீ. வலப்புறமும் 90 மி.மீ. உயரத்திலும் இருக்கும்.

இரண்டாமவர் இடது விளிம்பை இரண்டு பின்களில் வைக்கிறார். சாய்ந்திருந்த விளிம்பு நேராகிறது. அதனால் கீழ் விளிம்பு சாய்கிறது. 200 மி.மீ. நீளத்தில் அதன் வலது முனை 0.4 மி.மீ. தாழ்ந்துவிடும். 90 இப்போது அந்தத் தாழ்ந்த முனையிலிருந்து எண்ணப்படுகிறது. அதே மூலையிலிருந்து, அதே கீழ் விளிம்பை வைத்துப் பார்த்தால் துளையின் உயரம் சுமார் 89.68 மி.மீ.

இரண்டு பேரும் டிராயிங்கில் உள்ள எண்களைத்தான் போட்டார்கள். இரண்டு பேர் கருவியும் சரிதான். ஆனாலும் துளைகளுக்கிடையே 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். அனுமதித்த விலகல், அதாவது டாலரன்ஸ், ±0.1 என்றால் ஒன்று ரிஜெக்ட். எது ரிஜெக்ட் என்பதைச் சொல்ல டிராயிங்கில் எதுவும் இல்லை. ஆதாரம் விட்டுப்போவது என்றால் இதுதான்.

யாருடைய டேட்டம்?

வடிவமைப்பாளர் பாகம் வேலை செய்யும் விதத்திலிருந்து டேட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார். எந்த முகத்தில் போல்ட் போட்டு இறுக்கப்படும், எந்தத் துளை பின்னில் அமரும் என்பதே அவர் கணக்கு. மெஷினில் நிற்பவருக்கு வேறு கவலை: எந்த முகத்தைப் பிடித்தால் ஜாப் அசையாது, எட்ஜ் ஃபைண்டரை எங்கே தொட்டு வேலைத் தொடக்கப்புள்ளியான ஜி54இல் ஜீரோ எடுப்பது? இன்ஸ்பெக்‌ஷனில் சி.எம்.எம். என்னும் அளவீட்டு மெஷினை ஓட்டுபவருக்கு எங்கே புரோப் எட்டும் என்பது கேள்வி. டிராயிங் மௌனமாக இருந்தால் மூன்று பேரும் மூன்று டேட்டங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றும் தனித்தனியே நியாயமாகவே இருக்கும்.

இவற்றில் வேலை செய்யும் முகத்துக்கே முதலிடம் என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. மெஷினில் வேறு முகத்தைப் பிடிக்கத் தடை இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டாலரன்ஸிலிருந்து ஒரு பங்கு போய்விடும். வார்ப்படமாக வரும் பாகத்தில் சிக்கல் இன்னும் அதிகம். கரடுமுரடான முகத்தில் முதல் பிடிமானம் எங்கே என்று டேட்டம் டார்கெட் புள்ளிகளாகவே குறித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும்.

நாம் பார்க்கும் இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததல்ல. 1938 வாக்கில் ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்ட்ரியா ஊரிலிருந்த டார்பிடோ தொழிற்சாலையில் ஸ்டான்லி பார்க்கர் கவனித்த ஒரு விஷயத்தில் இதன் தொடக்கம் இருக்கிறது. பிளஸ், மைனஸ் அளவின்படி ரிஜெக்ட் ஆன பாகங்கள் சில கச்சிதமாகப் பொருந்தி வேலை செய்தன. துளையின் மையம் சதுர எல்லைக்குள் இருக்க வேண்டியதில்லை, வட்ட எல்லை போதும் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. வட்டம் என்றால் அதன் மையம் எங்கே என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். இடத்துக்கான டாலரன்ஸ் வந்தபோது டேட்டத்தின் அவசியமும் கூடவே வந்தது.

'அளவு காணல' என்பதில் நான்கு வகை

திருவனந்தபுரத்தின் புறநகரில் ஒரு சிறு பட்டறை. குமரி மாவட்டத்திலிருந்து தினமும் ரயிலேறி வரும் இரண்டு பேர் ஒரு மில்லிங் மெஷினருகே நிற்கிறார்கள். நான் போயிருந்த மதியம் இளையவர் டிராயிங்கை விரித்துக் காட்டினார்.

"அண்ணே, இந்த நடு ஹோலுக்கு அளவு காணல. ஸ்கேலு வச்சி எடுத்துரலாமா?"

"டிராயிங்க அளக்கப்பிடாது மக்கா. மொதல்ல நல்லா தேடு. இல்லன்னா சாருட்ட கேப்போம்."

தேடு, பிறகு கேள் என்ற அந்த வரிசையில் ஒரு முறையே அடங்கியிருக்கிறது. ஏனென்றால் காணாமல் போனதாகத் தோன்றும் எல்லா அளவும் காணாமல் போனவை அல்ல.

முதல் வகை, சொல்லாமலே சொன்னவை. செங்கோணமாக வரைந்த இரண்டு கோடுகளுக்கு 90 டிகிரி என்று எழுதுவதில்லை. ஒரே அச்சுக்கோட்டில் வரைந்த இரண்டு விட்டங்கள் ஒரே அச்சில் இருக்கும். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. 60 மி.மீ. அகலத் தட்டின் நடுக்கோட்டில் ஒரு துளை வரைந்திருந்தால் அது நடுவில் இருக்க வேண்டும் என்பது புரிகிறது; எவ்வளவு விலகலாம் என்பது புரிவதில்லை. ஐ.எஸ்.ஓ. 2768இன் இரண்டாம் பகுதி இதற்குப் பொதுவான எல்லைகள் வைத்திருந்தது. 2021இல் அது விலக்கப்பட்டு, பொது வடிவ டாலரன்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 22081 வந்தது. புதிய தரநிலை டேட்டம் அமைப்பைத் தெளிவாகக் குறிக்கச் சொல்கிறது. உலகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் வகை, வேறு இடத்தில் சொன்னவை. டைட்டில் பிளாக், ஓரத்துக் குறிப்பு, துணை டிராயிங், தரநிலை ஆகிய எதிலாவது பதில் இருக்கும். டாலரன்ஸ் எழுதாத 50 மி.மீ. அளவுக்கு, டைட்டில் பிளாக்கில் ஐ.எஸ்.ஓ. 2768இன் நடுத்தர வகுப்பு என்றிருந்தால் ±0.3 என்று பொருள். நுண்ணிய வகுப்பு என்றிருந்தால் ±0.15. நம் ஐ.எஸ். 2102உம் இதே வழியில் போகிறது. எம்8 மரைக்கு டிரில் அளவு எழுதவில்லை என்று புகார் சொல்ல முடியாது, 6.8 என்பது பட்டறைக்குத் தெரிந்த கணக்கு.

மூன்றாம் வகை, கணக்கில் வருபவை. 120 மி.மீ. நீளத் தட்டில் ஐந்து துளைகள். முதலாவது விளிம்பிலிருந்து 10 மி.மீ.; அடுத்தடுத்தவை 25 மி.மீ. இடைவெளியில். கடைசித் துளைக்கும் மறு விளிம்புக்கும் இடையே எண் இல்லை. அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அங்கேயும் எண் எழுதினால் சங்கிலி மூடிக்கொள்ளும். எல்லா அளவுகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாமல் போகலாம். தகவலுக்காகத் தேவைப்பட்டால் அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். அதற்கு டாலரன்ஸ் கிடையாது.

இதே தட்டு இன்னொரு பாடமும் சொல்கிறது. ஒவ்வொரு இடைவெளிக்கும் ±0.1 என்று சங்கிலியாகக் கொடுத்தால், விளிம்பிலிருந்து கடைசித் துளை ±0.5 வரை விலகலாம். விளிம்பிலிருந்தே 10, 35, 60, 85, 110 என்று கொடுத்தால் கடைசித் துளையும் ±0.1க்குள் நிற்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கிடையே ±0.2 வரை போகலாம். இரண்டில் எது சரி என்பது பாகத்தின் வேலையைப் பொறுத்தது. அளவு எழுதிய விதமே ஆதாரம் எங்கே என்று காட்டுகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

நான்காம் வகை, நிஜமாகவே விட்டுப்போனவை. கண்டுபிடிக்க ஒரே சோதனை: இருக்கும் தகவலை வைத்து நேர்மையாகக் கணக்கிட்டால் ஒரே ஒரு பதில்தான் வருமா? இரண்டு பதில் வர வாய்ப்பிருந்தால் அளவு இல்லை என்றே கொள்ள வேண்டும்.

அப்போது ஸ்கேல் வைத்து அளப்பது ஏன் கூடாது? ஏ0 தாளில் வரைந்ததை ஏ3இல் அச்சடித்திருப்பார்கள். பிரின்டர் தாளுக்கேற்பச் சுருக்கியிருக்கும். திருவனந்தபுரத்தின் மழைக்காலத்தில் காகிதமே ஈரம் குடித்து நீளும். எல்லாவற்றையும்விட, ரிவிஷனில் எண்ணை மாற்றியவர் படத்தைத் திரும்ப வரையாமல் விட்டிருக்கலாம். அப்படி மாற்றிய எண்ணுக்கு அடிக்கோடு போட வேண்டும் என்பது விதி, போடாதவர்களும் உண்டு. அன்று அந்தப் பட்டறையில் கேட்ட கேள்விக்கு மறுநாள் வந்த பதில் 38. ஸ்கேலில் அளந்திருந்தால் 36 வந்திருக்கும்.

ஒரே படம், இரண்டு இலக்கணம்

டிராயிங் ஒரு மொழி என்பார்கள். அதற்கு இலக்கணங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. கல்லூரிகளுக்காக பி.ஐ.எஸ். வெளியிட்ட எஸ்.பி. 46 நூல்வழி நம் மாணவர்கள் பயில்வது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. அமெரிக்க டிராயிங்குகள் தேர்ட் ஆங்கிள். இரண்டையும் வேறுபடுத்துவது டைட்டில் பிளாக்கில் உள்ள சிறிய கூம்புச் சின்னம் ஒன்றுதான். அதைக் கவனிக்காமல் படித்தால் எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும் பாகம் கண்ணாடிப் பிம்பமாக, இடது கால் செருப்பு வலது காலுக்கு வந்தது போலப் பயனற்றுப் போகும்.

இன்னும் நுட்பமான வேறுபாடும் உண்டு. அமெரிக்காவின் ஒய்14.5 தரநிலையில், தண்டின் விட்டம் அனுமதித்த உச்ச அளவில் இருந்தால் அது துளியும் வளையக்கூடாது. அளவே வடிவத்தைக் கட்டுப்படுத்தும். ஐ.எஸ்.ஓ. 8015இல் அளவு வேறு, வடிவம் வேறு. வட்டத்துக்குள் ஈ என்ற குறி இருந்தால்தான் அந்தக் கட்டுப்பாடு. எந்தத் தரநிலை என்று டைட்டில் பிளாக்கில் எழுதாமல் விட்டால், எண்கள் அத்தனையும் இருந்தும் பாதி அர்த்தம் விட்டுப்போன டிராயிங் அது.

வெளிநாட்டு டிராயிங்குகளைப் படித்து உருவாக்கும் அனுபவம் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 1974இல் பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் வைக்கிங் ராக்கெட் எஞ்சின் தொழில்நுட்பம் வந்தது. நம்பி நாராயணன் தலைமையில் இஸ்ரோ பொறியாளர்கள் பிரான்ஸ் போய்க் கற்றார்கள். அதிலிருந்து பிறந்த விகாஸ் எஞ்சினின் சோதனை 1985இல் பிரான்ஸின் வெர்னானில் நடந்தது. இன்று பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.3 மூன்றிலும் அது இருக்கிறது. வலியமலையில் வடிவமைப்பு, மகேந்திரகிரியில் சோதனை, நாட்டின் பல தொழிற்சாலைகளில் உற்பத்தி. ஒரு பாகம் இத்தனை கைகள் மாறும்போது, எல்லோருக்கும் பொதுவான ஆதாரம் காகிதத்தில் இல்லையென்றால் எந்தக் கைத்திறனும் காப்பாற்றாது.

வேறு முனையைத் தொட்ட ஒளி

ஆதாரம் தவறினால் துல்லியமே எதிரியாகும் என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கியைவிடப் பெரிய சான்று இல்லை. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அதன் 2.4 மீட்டர் கண்ணாடி மிக நுட்பமாக மெருகேற்றப்பட்டது. ஆனால் படங்கள் மங்கலாக வந்தன. மெருகேற்றும்போது வடிவத்தைச் சரிபார்த்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி அமைந்திருந்தது. அந்த இடைவெளியை நிர்ணயிக்கப் பயன்பட்டது நீளம் துல்லியமாகத் தெரிந்த ஓர் உலோகக் கம்பி. கம்பியின் நுனியில் பட்டுத் திரும்ப வேண்டிய ஒளி, அதன் மேலிருந்த மூடியில் பூச்சு தேய்ந்த இடத்தில் பட்டுத் திரும்பியது. கம்பியின் நீளம் சரி; அளந்தவர்களின் கருவியும் சரி. அளவு தொடங்கிய முகம் வேறு. கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகிப்போனது. 1993 டிசம்பரில் விண்வெளிக்கே போய்த் திருத்த வேண்டியதாயிற்று.

இதில் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று. வேறு இரண்டு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டின. அவை அவ்வளவு துல்லியமானவை அல்ல என்று ஒதுக்கப்பட்டன. முரண்பாடு தெரிந்த நேரத்தில் 'இது எங்கிருந்து அளந்தது' என்று கேட்டிருந்தால் கதையே வேறு.

2004 செப்டம்பர் 8 அன்று ஜெனிசிஸ் விண்கலம் பாராசூட் விரியாமல் யூட்டா பாலைவனத்தில் விழுந்ததும் இதே குடும்பத்துப் பிழைதான். வேகக்குறைவை உணரவேண்டிய சிறிய சுவிட்சுகள் டிராயிங்கிலேயே தலைகீழாகக் காட்டப்பட்டிருந்தன. மேல் எது, கீழ் எது என்பதும் ஓர் ஆதாரம்.

மாடல் வந்தால் தீருமா?

முப்பரிமாண மாடலையே டிராயிங்காகக் கொள்ளும் முறை பரவிவருகிறது. ஒய்14.41, ஐ.எஸ்.ஓ. 16792 தரநிலைகள் அதற்காகவே வந்தவை. மாடலில் எந்த இரண்டு புள்ளிகளைத் தொட்டாலும் தூரம் கிடைக்கும். விட்டுப்போன எண் என்பதே இல்லை. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் மாடலில் உள்ள தட்டின் விளிம்பு ஒருபோதும் சாய்ந்திராது. மூலை எப்போதும் 90 டிகிரி. எங்கிருந்து அளந்தாலும் ஒரே பதில் வருவதால், எங்கிருந்து என்ற கேள்வியே எழாமல் போகிறது. கேள்வி மறுபடி எழுவது இரும்பில், அதுவும் வெட்டிய பிறகு. ஆகவே டேட்டமும் டாலரன்ஸும் ஏற்றாத மாடல், பழைய நீலப்படத்தைவிட அழகான ஓர் அரைகுறைத் தகவல்தான்.

கேட்கும் உரிமை

தொகுத்துச் சொன்னால் வடிவமைப்பாளர் செய்யவேண்டியது மூன்று. வேலை செய்யும் முகத்தை டேட்டமாகக் குறிப்பது, அவற்றின் வரிசையைச் சொல்வது, எந்தத் தரநிலை என்று எழுதுவது. மெஷினில் நிற்பவர் செய்யவேண்டியது இரண்டு. நான்கு வகையில் எது என்று தேடுவது. ஒரே பதில் வராவிட்டால் நிறுத்திக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது. நிர்வாகம் செய்யவேண்டியது ஒன்றே. கேட்டவரைத் தடுக்காமல் இருப்பது. 'இதுகூடத் தெரியாதா' என்ற ஒரு சொல், அடுத்த பத்துக் கேள்விகளைத் தொண்டையிலேயே நிறுத்திவிடும். அந்தப் பத்தும் பின்னால் ரிஜெக்ட் தட்டில் வந்து சேரும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் டிராயிங் வரையச் சொல்லித்தருகிறோம். டிராயிங்கைக் கேள்வி கேட்கவும் சொல்லித்தர வேண்டும். குறையுள்ள ஒரு படத்தைக் கொடுத்து 'இதில் என்ன இல்லை' என்று கேட்பது, நல்ல படத்தைப் பத்து முறை பிரதி எடுப்பதைவிட மேலான பயிற்சி.

38 என்ற பதில் வந்த அன்று இளையவர் உடனே மெஷினை ஓட்டப் போனார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஃபோனை எடுத்து அதே பொறியாளரைத் திரும்பக் கூப்பிட்டார்.

"சார், 38 செரி. எந்த ஃபேஸ்லருந்து?"

எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு திருத்திய டிராயிங் ஒன்று வந்தது. கீழ் முகத்தில் ஒரு கறுப்பு முக்கோணம், அதன் மேல் கட்டத்தில் ஏ.